தடை என்று ஒரு சொல்

எங்கள் ஊரில் சாரல் தொடங்கிவிட்டால் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: தடை! மெயின் அருவியில் குளிக்கத் தடை, ஐந்தருவியில் தடை நீங்கியது... தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பதும் அதைத்தான்.

எல்லை, வரம்பு, தடை மூன்றையும் நாம் ஒன்றுபோல எழுதிவிடுகிறோம். ஓர் இடம் முடிவது எல்லை. வரம்பு வயலில் உள்ள சொல், வரப்பைத் தாண்டினால் அடுத்தவர் நிலம். தடை வேறு. போகிற வழியில் ஏதாவது ஒன்று குறுக்கே நிற்க வேண்டும். அருவியில் அது வெள்ளம், வடிந்தால் தடையும் போய்விடும். மனிதர்கள் போட்ட தடை?

அதற்கும் எங்கள் பக்கமே உதாரணம் இருக்கிறது நண்பர்களே. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அரசின் பொறுப்பில் உள்ள கோயில்களுக்குள் செல்ல எந்த இந்துவுக்கும் இனித் தடையில்லை என்பதுதான் அதன் சாரம். (கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது, பெரியார் சிறை சென்றார். அதே ராஜ்ஜியம்தான்!)

எல்லைக்கு இந்தப் பக்கம்? சென்னை மாகாணத்தில் அப்படி ஓர் உத்தரவு இல்லை. சட்டம் வழக்கத்தின் பக்கம் நின்றது. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழையக்கூடாது என்று 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை தீர்ப்பாகியிருந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதன்பின் வந்த 1939 சட்டம்கூடக் கதவைத் திறப்பதைக் கோயில் நிர்வாகிகளின் விருப்பத்துக்கே விட்டது. மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947இல்தான்.

யோசித்துப் பாருங்கள். அதே சாதி, அதே சாமி, பேசுவதும் அதே தமிழ். மேற்கே ஒரு நடை நடந்தால் அரசன் திறந்துவிட்ட கோயில், திரும்பி வந்தால் மறுபடியும் வாசலுக்கு வெளியே. "காலங்காலமாக உள்ளது" என்று சொல்லப்பட்ட தடையை அங்கே ஒரு காகிதம் ஒரே நாளில் எடுத்துவிட்டது. இங்கே பதினொரு வருஷம் ஆனது. இந்த வித்தியாசத்தை எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு தனித்தனிப் பாடமாகத்தான் படித்தேன்.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. 2019 முதல் இரண்டு ஊரும் தென்காசி மாவட்டம். பழைய எல்லையை இப்போது டவுன் பஸ் நிற்காமலே தாண்டிவிடுகிறது.