காந்தளூர்ச் சாலையும் படைப்பணியின் கெடுவும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைத்தெருவைத் தமிழர் சாலை என்றும் மலையாளிகள் சால என்றும் வழங்குகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் இதனைத் தலைநகரின் வணிகத் தெருவாக வளர்த்தார். தமிழ் வணிகர் பலர் இங்குக் கடை வைத்தனர். மளிகைக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் இன்றும் தமிழில் விலை பேசி வாங்கலாம். ஆயினும் இடத்தின் பெயர் இந்த வணிகத்தைவிட மிகப் பழையது. கடைத்தெருவுக்கு அடுத்துள்ள வலியசாலையில் அமைந்த மகாதேவர் கோயில் காந்தளூர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்பதால், சோழர் கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்தது என ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அதனை விழிஞத்தை ஒட்டிய கடற்கரையில் தேடுவோரும் உண்டு.

சாலை என்பது அரசனின் அறக்கொடையால் உணவும் உறைவிடமும் பெற்ற மாணவர்கள் தங்கிக் கற்ற நிறுவனம் ஆகும். அந்த மாணவர்கள் வேதத்தோடு படைக்கலப் பயிற்சியும் பெற்றனர் என்னும் கருத்தை ஏற்றுக்கொண்டால், பொதுச்செலவில் போர்ப்பயிற்சி பெற்ற ஒருவன் தன் உடல்திறனைப் பிறிதோர் இடத்தில் விலைக்கு விற்கலாமா, அதற்காகப் படைப்பணியை ஒத்திவைக்கலாமா என்று இன்று அமெரிக்கப் படைக்கல்லூரிகளை முன்னிட்டு எழும் கேள்வியைக் காந்தளூரிடமும் கேட்டுப் பார்க்க இடமுண்டு.

காந்தளூர்ச் சாலையின் சட்டதிட்டங்கள் நேராக நமக்குக் கிடைக்கவில்லை. அதனைப் பார்த்து அமைக்கப்பட்ட இன்னொரு சாலையின் செப்பேடுதான் கிடைத்துள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன், பொ.ஆ. 866ஐ ஒட்டிய ஆண்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முன்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, காந்தளூர் மரபைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு ஒரு சாலையும் நிறுவினான். சட்டர் என்போர் சாலையில் இடம்பெற்ற பார்ப்பன மாணவர். ஹஜூர் அலுவலகச் செப்பேடுகள் என அறியப்படும் இவ்வாவணத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டி.ஏ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

செப்பேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் உரிய இடம் கலம் எனப்படுகிறது. கலம் என்றால் உண்கலம்; ஆனால் இங்கு அது ஒருவனுக்குச் சாலையில் உள்ள உணவுரிமையையும் இருக்கையையும் சேர்த்துக் குறிக்கும் நிர்வாகச் சொல்லாகிவிடுகிறது. தொண்ணூற்றைந்து கலங்களில் நாற்பத்தைந்து பவிழிய சரணத்தாருக்கும், அதாவது ரிக்வேதக் கிளையினருக்கும், முப்பத்தாறு தைத்திரீய சரணத்தாருக்கும், பதினான்கு சாமவேதத்தின் தலவகார சரணத்தாருக்கும் என்று பகுக்கப்பட்டன. சேர வருபவன் இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் அறிந்திருக்க வேண்டும் என்பதோடு, மூன்று அரசுகளின் நடைமுறைகளிலும் பழக்கம் உடையவனாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. வெறும் வேதபாடசாலைக்குச் சேர, சோழ, பாண்டிய அரசியல் எதற்கு என்னும் ஐயம் படிப்பவருக்கு எழாமல் இராது.

ஐயத்தை வலுப்படுத்துவன ஒழுங்கு விதிகள். சட்டர் தம்முள் சண்டையிட்டால் தண்டம் உண்டு. கூட்டத்துக்குப் படைக்கலத்தோடு வரக்கூடாது. தங்குமிடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக்கூடாது. கடைசி விதியைப் படிக்கும்போது மாணவர் விடுதிகளின் கவலைகள் ஆயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறிவிடவில்லை என்று தோன்றும். ஆனால் முக்கியமானது நடுவிலுள்ள விதி. கையில் ஆயுதமே இல்லாத கூட்டத்தாருக்கு ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வரும்படி எவரும் செப்பேட்டில் எழுதி வைப்பதில்லை. சட்டர்களின் போர்ப்பயிற்சியைப் பற்றி விரிவாக வாதிட்ட எம்.ஜி.எஸ். நாராயணன் இதனோடு பிராகிருத நூலான குவலயமாலையையும் சேர்த்துக் காட்டினார். உத்தியோதன சூரி 779இல் முடித்த அந்நூலில், தென்திசை விசயபுரியில் உள்ள ஒரு மடத்தில் பல நாட்டு மாணவர் வில்லும் வாளும் மற்போரும் பயில்கின்றனர். அங்குள்ள சட்டர்கள் உடலை முறுக்கேற்றி வைத்துக்கொண்டு, பாடத்தைவிட அந்நாட்டு இளவரசியைப் பற்றிய பேச்சில் ஊக்கம் காட்டுகின்றனர். நூலாசிரியர் அவர்களைக் கேலியாகவே பார்க்கிறார் என்றாலும், உடற்பயிற்சியையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு பிறர் சோற்றில் வளர்ந்த ஒரு மாணவக் கூட்டம் எட்டாம் நூற்றாண்டிலேயே அறிமுகமாகியிருந்தது என்பது அக்கேலியிலிருந்து தெரிகிறது.

செப்பேட்டின் கவனமெல்லாம் கலத்தின் மேலும் கலத்தில் இருப்பவனின் நடத்தை மேலும் குவிந்திருக்கிறது. படித்து வெளியேறிய பின் இத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்பது போன்ற கெடு அதன் போக்குக்கே பொருந்தாதது. ஏனெனில் பயிற்சி முடிந்து பணி தொடங்கும் ஒரு நாள் அந்த அமைப்பில் இல்லை. நிலக்கொடை தனி ஆளுக்கு அன்றிக் கலத்துக்கு அளிக்கப்பட்டது. கலத்தில் இருக்கும்வரை ஒருவன் மாணவனும் ஆவான், வேண்டும்போது காவலனும் ஆவான். ஒத்திவைப்பு என்னும் சிக்கல், முதலில் செலவழித்துப் பயிற்றிப் பின்னர் அதனைப் பணியாக வசூலிக்கும் நவீன முறையோடு பிறந்தது.

சாலை தன் வீரர்களை இழந்ததும் அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறியதால் அன்று. இழப்பு மேலிருந்து வந்தது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் பகுதி, காந்தளூர்ச் சாலையில் அவன் கலமறுத்ததை அவனுடைய முதல் பெருஞ்செயலாகக் கூறுகிறது. இத்தொடர் அவனது நான்காம் ஆட்சியாண்டிலிருந்தே, அதாவது 988ஐ ஒட்டிக் காணப்படுகிறது. கலம் என்பதை மரக்கலமாகக் கொண்டு அவன் அங்குக் கப்பற்படையை அழித்தான் என்றவர்களும், உண்கலமாகக் கொண்டு ஊட்டுப்புரையை ஒழுங்குபடுத்தினான் என்றவர்களும் நீண்ட காலம் வழக்காடினர். பார்த்திவசேகரபுரச் செப்பேட்டின் வழக்கை மனத்தில் கொண்டால், சாலையின் கலங்களை, அதாவது அங்கிருந்த ஆயுதமேந்திய சட்டர்களின் இடங்களை, இல்லாமல் ஆக்கினான் என்னும் பொருளே பொருத்தமாகப் படுகிறது. பின்னர் முதலாம் இராசாதிராசனும் முதலாம் குலோத்துங்கனும் இதே செயலைத் தமக்கும் உரியதாக்கிக் கொண்டனர். அறுக்க அறுக்க அங்கே கலம் மீண்டும் முளைத்திருக்க வேண்டும், அல்லது இச்செயல் தெற்கை வென்ற சோழன் எவனும் விடமுடியாத பட்டமாகிவிட்டிருக்க வேண்டும். இரண்டும் உண்மையாக இருக்கவும் தடையில்லை.

சட்டர்களின் பின்னாளைய வரலாறு இந்தக் கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பரசுராமர் முப்பத்தாறாயிரம் பார்ப்பனருக்குப் படைக்கலம் கொடுத்தார் என்று கேரளோற்பத்தி கூறும் மரபு, ஆயுதமேந்திய நம்பூதிரிகளின் நினைவை வைத்திருக்கிறது. அவர்களின் போர்த்தொழில் அழிந்த பிறகும் சாத்திரக்களி என்றும் யாத்திரக்களி என்றும் சங்கக்களி என்றும் பெயர் பெற்ற ஆட்டம் எஞ்சியது. உபநயனத்திலும் திருமணத்திலும் பிற விருந்துகளிலும் விளக்கைச் சுற்றி அமர்ந்து பாடி, வாளும் பரிசையும் ஏந்தி அடவு காட்டி, இடையிடையே நகைச்சுவை வேடங்களையும் கலந்து நம்பூதிரிகள் இதனை நிகழ்த்தினர். படைப்பணி முற்றாக நின்றுபோய் அதற்குரிய பயிற்சி மட்டும் விளையாட்டாகத் தொடர்ந்தது என்ற வகையில், வீரன் ஆட்டக்காரனாக மாறிய மிகப் பழைய தென்னாட்டுச் சான்று இதுவே எனலாம்.

திருவிதாங்கூர் அரசின் நாயர் படையின் கதை வேறு. அப்படையினர் 1804இல் கிளர்ந்தெழுந்ததற்கு உடனடிக் காரணம், பத்தா எனப்பட்ட படிப்பணத்தைக் குறைக்க அவ்வரசின் தளவாய் வேலுத்தம்பி முற்பட்டது. கலம் குறைந்தால் கடமையும் குறையும் என்னும் கணக்கு இங்கும் தொழிற்பட்டது. 1809 கிளர்ச்சிக்குப் பின் பெரும்பாலும் கலைக்கப்பட்டு, மீண்டும் திரட்டப்பட்டு, 1830இல் நாயர் பிரிகேட் எனப் பெயர் பெற்ற அது, விடுதலைக்குப் பின் 1954இல் இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமெண்டோடு இணைந்தது.

அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. அதன் கால்பந்து அணி 1955இலும் 1958இலும் டியூரண்ட் கோப்பையை வென்றது. அதன் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். படையை விட்டு நீங்கி, 1960களில் கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களிலும் இடம்பெற்று, 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். இந்தியப் படை வீரனைப் பயிற்றி ஆட்டக்காரனாக்கியதும் உண்டு. ஆட்டக்காரனைத் தேடிப் பிடித்துச் சீருடை அணிவித்ததும் உண்டு. பின்னதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 2016இல் நாயிப் சுபேதாராகச் சேர்க்கப்பட்ட ஈட்டி எறிவீரர் நீரஜ் சோப்ரா. அவருக்கு மைதானமே பணியிடம் ஆகையால் ஒத்திவைக்க ஒன்றுமில்லை. அவ்வகையில் அவர் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரி மாணவனைவிடப் பார்த்திவசேகரபுரச் சட்டனுக்கு நெருங்கியவர்.

அமெரிக்க முறையில் கணக்கு வேறு வகையாக எழுதப்படுகிறது. படைக்கல்லூரியில் நான்காண்டு இலவசமாகப் படித்தவர் குறைந்தது ஐந்தாண்டு பணியாற்றக் கடமைப்பட்டவர். அந்நாட்டுக் கடற்படைக் கல்லூரியில் 1965இல் படிப்பை முடித்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோஜர் ஸ்டாபக், வியத்நாம் உட்பட நான்காண்டு பணி முடித்த பின்னரே 1969இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். ஏழடி உயரத்தவராதலால் கப்பற்பணிக்கு ஏற்றவரல்லர் எனக் கருதப்பட்ட கூடைப்பந்து வீரர் டேவிட் ராபின்சனுக்கு 1987இலிருந்து இரண்டாண்டுப் பணியே போதும் என விடப்பட்டது. விதியை ஆட்சியாளர் விருப்பப்படி மாற்றும் வழக்கமும் வந்தது: 2016இல் தளர்த்தினர், 2017இல் இறுக்கினர், 2019இல் மீண்டும் தளர்த்தினர், 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், கடமைக்காலம் முடியும் முன் தொழில்முறை ஆட்டத்துக்காக விடுவிப்பு கோரக்கூடாது என்று சொல்லி, முன்பே சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. இதில் இழுபறி நீடிப்பதற்குக் காரணம் எளியது. படைப்பணியைப் பத்தாண்டு கழித்தும் ஏற்கலாம். ஆட்டக்காரனின் உடல் பத்தாண்டு காத்திராது. ஒத்திவைப்பை மறுப்பது பெரும்பாலும் ஆட்டத்தையே மறுப்பதாக முடிவதால், ஐந்தாண்டுக் கடன் அவனுக்கு மட்டும் மற்றவரைவிடக் கனத்ததாகிவிடுகிறது. அதற்கு மறுதலையான வாதமும் வலுவற்றதன்று: அவன் பெற்ற இடத்துக்காகக் காத்திருந்து கிடைக்காமல் போன இன்னொருவனுக்கும் அது கலம்தான்.

கேரளத்தில் ஆட்டக்காரனுக்குப் பணியிடம் தருவதற்குப் படையைவிடக் காவல்துறை நல்ல களமாக அமைந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அத்துறையின் கால்பந்து அணி 1990இலும் 1991இலும் பெடரேஷன் கோப்பையை வென்று கல்கத்தாக் கழகங்களின் கண்ணில் பட்டது. அதன் ஆட்டக்காரர் ஐ.எம். விஜயன் 1991இல் மோகன் பகானுக்குப் போனார், அடுத்து வி.பி. சத்யனும் வெளியேறி, பின்னர் சென்னையில் இந்தியன் வங்கிக்கு ஆடினார். இரண்டாண்டு இந்தியாவின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாக விளங்கியது மெல்லக் கலைந்தது. எவர் கட்டளையும் இன்றிக் கலங்கள் காலியாயின. விஜயன் பல கழகங்களுக்கு ஆடிக் களைத்த பின் காவல்துறைக்கே திரும்பி, மலபார் ஸ்பெஷல் போலீசில் துணைக் கமாண்டண்ட் பதவிவரை உயர்ந்து, பத்மஸ்ரீ விருது பெற்ற 2025ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றார்.