ஃப்ரெஷ், ரெனிவல்

அரசுக் கலைக் கல்லூரியில் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் திரும்பிப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஃபீஸ் கட்டிச் சேர்ந்துவிட்டு, ஆடியில் நடவுக்கும் தையில் அறுப்புக்கும் காணாமல் போனவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போனால் வீட்டில் ஒரு ஆள் கூலி குறையும். கூலி வீட்டுக்குப் படிப்பின் விலை அதுதான். சலானில் எழுதுகிற தொகை அதில் சின்னப் பங்கு.

பழைய தென்னாற்காடு மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் 1983-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஸ்காலர்ஷிப் செக்‌ஷனிலேயே கழிந்தது. யாரும் கேட்டு வாங்காத செக்‌ஷன் அது. வேலை அதிகம், மரியாதை குறைவு; ஆடிட் பார்ட்டி வந்தால் முதலில் திறக்கச் சொல்வது அந்த பீரோவைத்தான். ஆனால் இந்த மாவட்டத்தில் யார் எப்படிப் படித்து மேலே வந்தார்கள் என்பது அந்த பீரோவில் இருந்த அளவுக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

சோறும் தங்குமிடமும் இல்லாமல் படிப்பு நிலைக்காது என்பதை அரசாங்கத்துக்கு முன்பே எங்கள் பக்கத்தில் புரிந்துகொண்டவர் சுவாமி சகஜானந்தர். 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கியவர், பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் வழி செய்தார். சேரியிலிருந்து வரும் பிள்ளை மாலையில் சேரிக்கே திரும்பினால் மறுநாள் பண்ணை வேலைக்குத்தான் போகும் என்பது அவருக்குத் தெரியாததா? ஏறக்குறைய அதே காலத்தில் சென்னை மாகாண அரசு லேபர் கமிஷனர் பதவியை உருவாக்கி, தாழ்த்தப்பட்டோருக்கான பள்ளிகளை அவர் பொறுப்பில் விட்டது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மூலம் அந்த அலுவலகம்தான்.

கல்லூரிப் படிப்புக்குக் கதவு திறந்தது 1944-ல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான அம்பேத்கர், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவிடம் ஒரு நீண்ட மனு கொடுத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு மானியம் தருவதை எடுத்துச் சொல்லி, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்குப் பணம் ஒதுக்கக் கேட்டார். அதன் வழியில் வந்ததுதான் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். 1948-ல் பழங்குடியினருக்கும், அடுத்த ஆண்டு பிற்படுத்தப்பட்டோருக்கும் அது நீண்டது. என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அந்தத் திட்டத்தின் பேரப்பிள்ளைகள்.

முதலாண்டு மாணவர் போடுவது ஃப்ரெஷ். அடுத்த ஆண்டுகளில் போடுவது ரெனிவல். ஜூலையில் வந்த ஃப்ரெஷ் எத்தனை, மறு ஆண்டு வந்த ரெனிவல் எத்தனை என்று பார்த்தாலே போதும், அந்த வருஷம் மழை எப்படி, முந்திரி விளைச்சல் எப்படி என்று சொல்லிவிடலாம்.

ஸ்காலர்ஷிப்பில் அப்போது இரண்டு பங்கு இருந்தது. ஒன்று ஃபீஸ், இன்னொன்று பராமரிப்புப் படி, அதாவது மெயின்டனன்ஸ். பிள்ளை கையில் கிடைத்தது இரண்டாவது மட்டுமே. 2010-ல் விகிதத்தை உயர்த்திய பிறகும், வீட்டிலிருந்து வந்து பி.ஏ. படிப்பவருக்கு மாதம் 300 ரூபாய், விடுதியில் தங்குபவருக்கு 570 ரூபாய் என்றுதான் இருந்தது. அதையும் மாதாமாதம் தந்ததில்லை. விண்ணப்பம் தாசில்தார் மேசை, மாவட்ட அலுவலகம், ட்ரெஷரி என்று சுற்றி, பில் பாஸாகி வரும்போது பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். வரிசையில் நிற்கவைத்து, அக்விட்டன்ஸ் ரோலில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கி மொத்தமாகக் கொடுப்போம். கல்லூரி மூடப்போகிற நேரத்தில் கிடைத்தால் பஸ்சுக்கும் நோட்டுக்கும் அது எப்படி உதவும்? வாங்கிய கடனுக்குப் போகும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து விரலெல்லாம் கருத்துப்போன ஒரு தாய் வருஷா வருஷம் ஜன்னலில் வந்து நிற்பார். "தைக்குள்ள வந்துட்டா வட்டி நின்னுடும்மா, எப்ப வரும்?" என்பார். ஸ்காலர்ஷிப் வரும் என்ற நம்பிக்கையின் பேரில் ஊரில் கடன் கொடுக்க ஆள் இருந்தது. ஒருவகையில் அதுவே அரசாங்கத்தின் மதிப்பு!

சான்றிதழ் கதை தனி. கிராமக் கணக்கரான கர்ணத்தின் பதவி பரம்பரையாக இருந்த காலத்தில் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் அவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் சொல்வார். பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் படிக்கவைக்கிற கூலிக்காரனுக்கு அந்தக் கையெழுத்து சுலபத்தில் கிடைக்காது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். உயர்கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியாகக்கூட எழுதுவதில்லை. என் கணக்கில் புதிய கல்லூரி ஒன்று திறந்ததற்குச் சமம் அது.

எங்கள் மாவட்டத்தில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்கள் நிறைய. மத்திய அரசின் விதியில் அவர்கள் பட்டியல் சாதி இல்லை. மாநில அரசு தன் பணத்தில் அவர்களுக்குக் கொடுத்தது. ஒரே தெரு, ஒரே பெஞ்சு. பில் மட்டும் இரண்டு.

பணத்தைவிடப் பெரிது ஹாஸ்டல் சீட். இதை நான் அடித்துச் சொல்வேன். அறுப்பு நேரத்தில் வீட்டில் இருக்கிற பையனைக் கூப்பிடுவார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் இருப்பவனைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு வாய்க்குச் சோறு மிச்சம் என்று வீடும் விட்டுவிடும். கூரை ஒழுகும், சாம்பார் தண்ணீராக இருக்கும், ஒருவன் பாயில் இரண்டு பேர் படுப்பார்கள், பதிவேட்டில் பெயரில்லாத தம்பி ஒருவனும் சேர்ந்து சாப்பிடுவான். இருந்தும் ரெனிவல் விண்ணப்பக் கட்டில் விடுதிக்காரர்கள் பெயர்தான் தவறாமல் வரும்.

1984-க்குப் பிறகு சுயநிதி பொறியியல் கல்லூரிகள் வந்தபோதுதான் ஃபீஸ் என்பதே பூதமானது. அதற்கு மருந்தாக, 2010-11-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2012-ல் வந்த அரசாணை 92 சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கச் செய்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் இரண்டுமே கல்லூரிக் கட்டணத்துக்கானவை. வீட்டில் குறைந்த கூலிக்கு அவற்றில் பதில் இல்லை.

அதற்குப் பதில் சொல்ல முயன்றது, எதிர்பாராத விதமாக, ஒரு கல்யாணத் திட்டம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கிய திருமண உதவியில், 2011 முதல் பட்டம் முடித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும். பத்தாவதோடு நின்றவளுக்கு அதில் பாதிப் பணம். படிப்பைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போடுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால், 'இன்னும் ஒரு வருஷம்தானே, முடிச்சிட்டா ஐம்பதாயிரம்' என்று பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற பின் 2022 செப்டம்பர் 5 அன்று அந்தத் திட்டம் புதுமைப் பெண்ணாக மாறியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் இருக்கும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. வருமானச் சான்று கேட்பதில்லை. ஆயுளெல்லாம் வருமானச் சான்று சரிபார்த்த எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நாள் கூலி 281 ரூபாய். ஆயிரம் என்பது நான்கு நாள் கூலிக்குக்கூட எட்டாது. எங்கள் தெருவில் விதவை உதவித்தொகை வாங்குகிற ஒருத்தியின் மகள் அந்தப் பணத்தில்தான் பி.காம். போனாள். "தொகை சிறுசுதாங்கம்மா. ஆனா மாசாமாசம் வந்துடுது, யாருகிட்டயும் போய் நிக்க வேணாம்," என்றாள் தாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது 2024 ஆகஸ்டில். அவள் மூத்த பையன் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு அதற்கு முன்பே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான்.