வந்து ஆறிய மூலையும் வாவிக் காவலும்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால் முதலில் சத்துருக்கொண்டான் வரும். பிறகு தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, சந்திவெளி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இவை வெறும் தரிப்பிடங்கள். பழைய ஆக்களிடம் கேட்டால் இதே வரிசையை ஒரு சண்டையின் கதையாகச் சொல்லுவாங்க. சத்துருவை அடித்துக் கொண்ட இடம் சத்துருக்கொண்டான். எதிரி திரும்ப ஏறிவராமல் தடுத்த ஊர் ஏறாவூர். துரத்திப் போன படை வந்து களைப்பாறிய மூலை வந்தாறுமூலை. பிரிந்து போனவர்கள் மறுபடி சந்தித்த வெளி சந்திவெளி. தோற்றவர்களை வெருகல் ஆற்றுக்கு அப்பால் விரட்டிவிட்டுத்தான் படை நின்றது என்று கதை முடியும்.

தோற்றவர்கள் திமிலர். வென்றவர்கள் முக்குவர். முக்குவருக்குத் துணைக்கு வந்தவர்கள் நம்மட ஆக்கள். கதையில் அவர்களுக்குப் 'பட்டாணியர்' என்று பேர்.

1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' வழியாக இந்தப் பழங்கதைகள் அச்சில் பரவலாகின. அதற்கு முன்னரே, 1921இல், எஸ்.ஓ. கனகரத்தினம் மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். நமது எழுத்தாளர்கள் இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரு பெருமைக்காகவே எடுத்தாளுகிறார்கள்: முக்குவரை வெல்ல வைத்தது நாங்கள், பரிசாகக் காணியும் பணமும் வேண்டாம் என்று முக்குவப் பெண்களைக் கேட்டு மணம் முடித்தோம், அதனால்தான் நமக்கும் குடிமுறை வந்தது என்று. பெருமை இருக்கட்டும். கதையின் இன்னொரு பகுதியைத்தான் நாம் அதிகம் பேசவில்லை. போர் முடிந்த பிறகு முஸ்லிம்களை ஏறாவூரில் குடியேற்றியது, திமிலர் வடக்கிலிருந்து திரும்பி வராமல் காவல் காப்பதற்காக. அதாவது அந்தக் கதைப்படி ஏறாவூர் ஒரு காவல் நிலை. அங்கே இருந்தவர்கள் ஒரு காவற்படை.

அது என்ன மாதிரிக் காவல்? திமிலர் என்ற பேரே திமில் என்ற படகிலிருந்து வந்தது என்பார்கள். சங்க இலக்கியத்திலேயே திமில் மீன்பிடிப் படகு. முக்குவரும் கடலும் களப்பும் அறிந்தவர்கள். ஆக, இது வயற்கரையில் இரு ஊரார் பிடித்த சண்டையல்ல. வாவி யாருக்கு, முகத்துவாரம் யாருக்கு, மீன்பிடி யாருக்கு என்பதே இதன் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே செங்கலடி, பங்குடாவெளிப் பக்கம் வரை கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நீளம் இத்தனை இருந்தாலும் கடலுக்கு வாய் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டும்தான். கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபடும். மாரி வெள்ளத்தில் உடைக்கும், அல்லது வெட்டித் திறப்பார்கள். வெளியிலிருந்து வருகிற எந்தப் படைக்கும் இது பெரிய தலையிடி. உள்ளே இருப்பவனுக்கோ இதுவே அரண். வாவியின் வடக்குத் தலைமாட்டில் ஏறாவூரும் வந்தாறுமூலையும். வடக்கே வெருகல் ஆறு, அது மகாவலியின் கிளை. வெருகலுக்கும் வாவித் தலைக்கும் இடையிலான கரையோரப் பாதையில் யார் வந்தாலும் இந்த ஊர்களைத் தாண்டித்தான் வர வேண்டும். கதை சொன்னவர்களுக்கு வரைபடம் தெரியாவிட்டாலும் தங்கட நிலம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி ஐயங்களைச் சொல்ல வேண்டும். கதைக்கு ஆண்டு இல்லை. 'பட்டாணியர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆப்கானியப் பட்டாணிக் குதிரைவீரர்கள் மட்டக்களப்புக்கு வந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் நம்மில் உண்டு. எனக்கு இது ஏற்கத்தக்கதாகப் படவில்லை. தமிழகத்தில் பட்டாணியர் என்ற சொல் தக்காண, நவாபுப் படைகளோடு வழக்குக்கு வந்த சொல். அது கதைக்குள் இருப்பது கதையை எழுதியவரின் காலத்தைக் காட்டுகிறதே தவிர, சண்டை பிடித்தவர்களின் பூர்வீகத்தைக் காட்டவில்லை. ஊர்ப் பெயர்களுக்குச் சொல்லும் விளக்கங்களும் அப்படித்தான். பேர் முந்தியா, கதை முந்தியா என்று அறுதியிட முடியாது. இத்தகைய கதைகள் நடந்ததை அப்படியே சொல்ல வந்தவையல்ல. ஓர் உரிமையை நியாயப்படுத்த வந்தவை. 'ஏன் இவர்கள் இங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்டால், 'நாங்கள் கூப்பிட்டு வந்தார்கள், நமக்காகக் காவல் நின்றார்கள்' என்பது பதில். ஆண்டைவிட இந்தப் பதிலே முக்கியம் என்பது என் எண்ணம்.

ஆண்டோடு கிடைக்கும் செய்தி வேறொன்று. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இதை எழுதி வைத்தவர் நமக்கு வேண்டியவரல்ல. பெர்னாவோ டி குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். முஸ்லிம்கள் மேல் அவருக்குக் கொஞ்சமும் அன்பில்லை. ஆகவே நமக்குச் சாதகமாக இட்டுக்கட்டினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்த 1626ஐயும் திமிலர் போரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சரியல்ல. குடிமுறையையே பாருங்கள். தாய்வழியாகக் குடி, மகளுக்கு வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது என்று இத்தனையும் இங்குள்ள தமிழரோடு பொதுவாக வேரூன்ற வேண்டுமானால், ஒருமுறை ஓடிவந்த அகதிக் கூட்டம் மட்டும் போதாது. செனரத் அனுப்பியவர்கள், ஏற்கெனவே தங்கட ஆக்கள் இருந்த கரைக்குத்தான் வந்திருப்பார்கள்.

மன்னன் ஏன் இந்தக் கரையைத் தெரிந்தான்? இரக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மேற்குக் கரை முழுதும் போர்த்துக்கேயர் கையில். கண்டிக்குக் கடலுக்கு வழி கிழக்கே மட்டும்தான். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஜோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். அடுத்து வந்த ஸெபால்ட் டி வீர்ட் பிடித்த போர்த்துக்கேயரை விட்டுவிட்டு மன்னனோடு மனக்கசப்பாகி, 1603இல் இந்தக் கரையிலேயே தன் ஆட்களோடு கொல்லப்பட்டார். உப்பும் கருவாடும் மேலே போக, பாக்கு கீழே வர, தவளமாடுகளோடு காட்டுவழி நடந்தவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அப்படிப்பட்ட கரையில் கடலையும் வழியையும் அறிந்த, போர்த்துக்கேயரை ஒருநாளும் நம்பாத 4000 பேரை வைத்திருப்பது மன்னனுக்குச் சம்பளமில்லாத காவல்.

போர்த்துக்கேயரும் சும்மா இருக்கவில்லை. திருகோணமலையில் கோட்டை கட்டி முடித்த கையோடு, 1628இல் தளபதி கொன்ஸ்தன்தினோ டி சா மட்டக்களப்பில் புளியந்தீவில் ஒரு கோட்டையை எழுப்பினார். வாவிக்குள் ஒரு தீவில் கோட்டை! கடலிலிருந்து பெரிய கப்பல் அங்கே வர முடியாது. முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு, சிறு தோணிகளில்தான் சாமானும் ஆளும் போக வேண்டும். சுற்றியுள்ள தண்ணீர் கோட்டையைக் காத்தது, அதே தண்ணீர் கோட்டையைச் சிறையும் வைத்தது. தோணிக்காரன் வர மறுத்தால் கோட்டைக்குச் சோறில்லை. பத்தே வருஷம். 1638 மார்ச் 28இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை இரண்டாம் இராஜசிங்கன் அழித்தான். மே 18இல் ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி வெஸ்டர்வோல்ட் புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தார். ஐந்து நாள் கழித்து மன்னனும் அவரும் ஒப்பந்தம் செய்தார்கள். பிறகு ஒல்லாந்தர் நம்மட வியாபாரத்துக்கு என்னென்ன தடை போட்டார்கள் என்பது தனிக் கதை.

சிறு படகு, ஆழமில்லாத நீர், பெரிய கப்பல் நுழைய முடியாத ஆற்றுவாய். இந்த மூன்றையும் வைத்து ஒரு கடற்படையையே கட்டிக் காட்டியவர்கள் மலபாரின் குஞ்ஞாலி மரைக்காயர்கள். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்தளபதிகளாக 16ஆம் நூற்றாண்டில் நால்வர் அடுத்தடுத்து அந்தப் பட்டத்தோடு இருந்தார்கள். துடுப்பு வலிக்கும் இலகுவான படகுகளில் கழிமுகத்திலிருந்து பாய்ந்து அடித்துவிட்டு, போர்த்துக்கேயர் துரத்தினால் ஆற்றுக்குள் மறைவது அவர்களின் முறை. இலங்கையோடும் அவர்களுக்குத் தொடர்புண்டு. சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவ வந்த அவர்களின் படை 1538இல் இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் போர்த்துக்கேயரிடம் தோற்றது. நான்காம் குஞ்ஞாலியைச் சாமூதிரியே கைவிட, 1600இல் கோவாவில் வெட்டிக் கொன்றார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார் நூலில் இருக்கிறது. கப்பலோட்ட ஆள் போதாமல், முக்குவக் குடும்பங்களில் ஒரு பையனாவது முஸ்லிமாக வளர வேண்டும் என்று சாமூதிரி கட்டளையிட்டதாக அங்கே வழங்கிய செய்தி அது. அங்கேயும் முக்குவர், அங்கேயும் முஸ்லிம், நடுவே தாய்வழிக் குடும்பம், முன்னே கடற்காவல். மட்டக்களப்பு முக்குவரின் பூர்வீகம் கேரளக் கரை என்று சொல்வோரும் பலர். இதை வைத்து குஞ்ஞாலியின் படைவீரர்தான் ஏறாவூருக்கு வந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டாணிக் குதிரையை இறக்கிவிட்டு மலபார்த் தோணியை ஏற்றுவதில் பயனில்லை. ஆனால் முக்குவர்–முஸ்லிம் உறவு என்பது மட்டக்களப்பில் தற்செயலாக முளைத்த ஒன்றல்ல, இந்தியப் பெருங்கடலின் இந்தப் பக்கம் முழுதும் பழகிய ஓர் ஏற்பாடு என்பதற்கு இது நல்ல சாட்சி. பட்டாணியரைத் தேடி வடக்கே போவதைவிட, மேற்கே கடலைப் பார்ப்பது நமக்குப் பொருத்தம்.

'மரைக்காயர்' என்ற சொல்லும் இதையே சொல்கிறது. மரக்கலத்தோடு சேர்ந்த சொல் என்பார் சிலர், அறபியின் மர்கப் என்பார் சிலர்; இரண்டுமே கப்பல்தான். கோட்டக்கல்லில் அந்தப் பேர் கடற்படைத் தலைவனுக்கு. கிழக்கிலங்கையில் அது பள்ளிவாசலுக்குள் வந்துவிட்டது. குடிக்கு ஒரு மரைக்கார், அவர்கள் கூடிப் பள்ளி நிர்வாகம். கந்தூரிச் சோறு பங்கிடுவதிலிருந்து வழக்குத் தீர்ப்பது வரை மரைக்கார் சொல்தான். கப்பல் போய்விட்டது, பதவிப் பேர் கரையில் தங்கிவிட்டது. குடியோ, முக்குவத் தாய்மாரிடமிருந்து வந்தது என்று கதை சொல்கிறது. ஆக, ஒரு கிழக்கு மாகாணப் பள்ளிவாசலின் நிர்வாகசபையில் கடலும் முக்குவ வீடும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இப்போது பல ஊர்களில் குடிவழி மரைக்கார் முறை கைவிடப்படுகிறது. நிர்வாகத்துக்கு அது நல்லதாகவும் இருக்கலாம். குடிப் பேர்களையாவது எழுதி வைத்துவிட்டுக் கைவிட்டால் நல்லம்.

கதை சொன்ன அதே ஊர் வரிசைக்கு 1990இல் வேறொரு கதை ஏறியது. ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் விடுதலைப் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள், பிள்ளைத்தாய்ச்சியையும் பாலகரையும் விடவில்லை. செப்டம்பர் 5இல் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழரில் 158 பேரைப் படையினர் பிடித்துப் போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 184 என்று பதிவாகியிருக்கிறது. முழுதும் ஒரு மாதத்துக்குள், ஒரே வீதியில். அதற்குப் பிறகு ஏறாவூராரும் செங்கலடியாரும் ஒருவர் எல்லையை ஒருவர் காவல் காத்தார்கள். ஊர்காவல்படை ஒரு பக்கம், இயக்கம் மறுபக்கம். படுவான்கரை 2007 வரை புலிகளின் கையில். வாவியைத் தோணியில் கடப்பதற்கே சோதனை. திமிலரைத் தடுக்க வைத்த காவல் என்று கதை சொன்ன இடத்தில், அந்தக் காவலை வைத்தவர்களுக்கும் காத்தவர்களுக்கும் நடுவிலேயே எல்லை விழுந்தது.

அந்தக் காலத்தில்தான் இரண்டு பக்கத்து எழுத்துகளிலும் இந்தப் பழங்கதை மாறத் தொடங்கியது. தமிழ்ப் பக்கத்தில் சிலர் பட்டாணியரைக் கூலிப்படை என்று சுருக்கினார்கள். நம்மட பக்கத்தில் சிலர் முக்குவத் தாய்மாரை எடுத்துவிட்டு, அறபு வணிகரிலிருந்து நேரே தொடங்கினார்கள். செங்கலடிச் சந்தையில் மீன் விற்ற கிழவர்களுக்கு இந்த இரண்டு கதையும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது குடிப் பேர் ஒன்று. தமிழருக்கும் சோனகருக்கும் சில குடிகள் ஒரே பேரில் இருப்பதைச் சொல்லி, 'மச்சான், நீ என்ன குடி?' என்று பகிடியாகக் கேட்பார்கள். வயல் அறுவடைக்கும் தோணிப் பங்குக்கும் அந்தக் கேள்வி ஒருகாலத்தில் போதுமாயிருந்தது.