வியன்னா லாகர்

வியன்னா லாகர் என்பது செம்பொன் நிறமுள்ள ஒரு பியர் வகை. ஆஸ்திரியாவில் வியன்னாவை அடுத்த ஷ்வெகாட்டில் அன்டன் டிரேயர் 1841-இல் இதை அறிமுகப்படுத்தினார்.

இதன் வரலாறு ஏறக்குறைய ஓர் உளவு வேலையில் தொடங்குகிறது. 1833-இல் டிரேயரும் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையைச் சேர்ந்த கேப்ரியேல் செடல்மயரும் பிரித்தானிய பியர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தனர். உள்ளே குடைந்த கைத்தடியில், ஆலைக்காரர்களுக்குத் தெரியாமல் பியரை எடுத்துவந்து, தங்கிய இடத்தில் அதன் அடர்த்தியை அளந்தனர். உபசரித்தவர்களுக்கு இழைத்த துரோகம்தான். ஆயினும் பயன் பெரிது. முளைகட்டிய பார்லியைப் புகை படாமல் சூடான காற்றில் உலர்த்தும் ஆங்கிலேயர் முறையை டிரேயர் கைக்கொண்டார். அந்த மால்ட்டைக் குளிரில் மெல்ல நொதிக்கவிட்டுக் கிடைத்ததே இந்த பியர்.

பில்சன் நகரின் வெளிர் பியர் பரவியதும் இது தாயகத்திலேயே மறைந்தது. மெக்சிகோவில் சாயல் மட்டும் எஞ்சியது. பின்னர் அமெரிக்கச் சிற்றாலைகள் இதை மீட்டன. கிளீவ்லாந்தின் 'எலியட் நெஸ்' அவற்றுள் ஒன்று.

அமெரிக்காவின் பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் (1985) வகுத்த தாளில் மொத்தம் 50 புள்ளிகள். சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10, வாயுணர்வுக்கு 5. நிறமும் நுரையும் அடங்கிய தோற்றத்துக்கு 3 மட்டுமே. நிறத்தால் அறியப்படும் பியருக்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் கேரமல் மால்ட் சேர்த்தே அந்த நிறத்தை வரவழைத்துவிடலாம். வாட்டிய ரொட்டியின் மணம் அப்படி வராது. எனவே கேரமல் இனிப்பு நாவில் மேலோங்கினால் நடுவர்கள் புள்ளியைக் குறைக்கின்றனர்.