ஆடிட்டர்கிட்ட சொன்ன ரகசியம்

போன ஜூலைல வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பண்றதுக்காக ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு எல்லாத்தையும் எங்க ஆடிட்டர் சாருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தப்புறம்தான் உறைச்சுது: எங்க அம்மாவுக்கே தெரியாத கணக்கெல்லாம் அதுல இருக்கே! நாளைக்கு யாராவது வந்து கேட்டா, "தர மாட்டேன்"னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கா?

தேடப் போனேன், 1872ல போய் நின்னேன்.

அந்த வருஷம் வந்த இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதினவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். பாரிஸ்டர், அட்டர்னி, பிளீடர், வக்கீல், இவங்ககிட்ட கட்சிக்காரர் தொழில் ரீதியா சொன்னதை அவர் சம்மதமில்லாம வெளியிடவே கூடாதுன்னு அதோட 126ஆவது பிரிவு சொல்லுது. சட்டவிரோத காரியத்துக்காகச் சொன்னதுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுத்த பிரிவு இன்னும் சுவாரஸ்யம்: அதே பாதுகாப்பு வக்கீலோட குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும்கூட உண்டு. கணக்குப் பார்க்கிறவர் மட்டும் பட்டியல்லயே இல்ல. அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, சி.ஏ. சட்டம் வர இன்னும் 77 வருஷம் இருந்துச்சு.

அந்தச் சட்டம் 1949 ஜூலை 1ல அமலுக்கு வந்துச்சு. (நம்ம ஊர்ல சி.ஏ. முடிச்ச எல்லாருமே 'ஆடிட்டர்'தான், நானும் அப்படியே சொல்றேன்.) அதோட இரண்டாவது அட்டவணையில முதல் விதியே ரகசியம் பத்தினதுதான். தொழில்ல தெரிஞ்சுக்கிட்ட தகவலை கிளையன்ட் சம்மதமில்லாம வெளிய சொன்னா அது ஒழுங்கீனம், பதிவேட்டில இருந்து பேரையே எடுக்கலாம். ஆனா அதே விதியில ஒரு கதவும் திறந்திருக்கு: சட்டம் கேட்டா சொல்லலாம்.

நம்ம கோட் பாஷையில, லாக் போட்டுட்டு பக்கத்துலயே அட்மின் ஓவர்ரைடும் வெச்ச மாதிரி. வக்கீலுக்கு கோர்ட்டே கேட்டாலும் சொல்லாம இருக்கிற பாதுகாப்பு இருக்கு. ஆடிட்டர் ஊருக்குச் சொல்லக் கூடாது, ஆனா அதிகாரி சட்டப்படி கேட்டா கொடுத்தாகணும்.

இது நியாயமான்னு பிரிட்டன்ல ஒரு பெரிய வழக்கே நடந்துச்சு. புரூடென்ஷியல் கம்பெனி வரிச் சட்டம் பத்தி பிடபிள்யூசி ஆடிட்டர்கள்கிட்ட ஆலோசனை வாங்கியிருந்துச்சு. வரித்துறை அந்த ஆவணங்களைக் கேட்டப்போ, "இதே ஆலோசனையை வக்கீல் கொடுத்திருந்தா கேட்டிருப்பீங்களா?"ங்கிறதுதான் அவங்க வாதம். 2013 ஜனவரியில உச்ச நீதிமன்றம் 5க்கு 2ன்னு அதை நிராகரிச்சுது. இந்தப் பாதுகாப்பை விரிவாக்கறது நாடாளுமன்றத்தோட வேலைன்னு பெரும்பான்மை சொல்லுச்சு. என்னைக் கேட்டா, லாஜிக்ல ஜெயிச்சது தோத்த பக்கம்தான்.

ஆனா 2023 மே 3ல இங்க நடந்தது வேற லெவல். கிளையன்ட் சார்பா சொத்து வாங்கி விக்கறது, அவங்க பணத்தையோ வங்கிக் கணக்கையோ நிர்வகிக்கறது, கம்பெனி உருவாக்கறது மாதிரி வேலைகளைச் செய்யற ஆடிட்டர்களை பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள மத்திய அரசு கொண்டு வந்துச்சு. சந்தேகமான பரிவர்த்தனைன்னா அவங்களே நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கணும். தெரிவிச்சதை ரகசியமாவும் வெச்சுக்கணும். யார்கிட்ட இருந்து? கிளையன்ட்கிட்ட இருந்துதான்! 74 வருஷம் கிளையன்டுக்காகக் காத்த ரகசியம், இங்க அப்படியே திசை மாறிடுச்சு. வெறும் ரிட்டர்ன் தாக்கல் அந்தப் பட்டியல்ல இல்ல, அதனால என் வாட்ஸ்அப் ஃபைல் தப்பிச்சுது. வக்கீல்களும் பட்டியல்ல இல்ல.

அதே ஆகஸ்ட்ல தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறுச்சு. தகவலை ஒழுங்கா பாதுகாக்கலைன்னா 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனா அது கசிவைத் தடுக்கற சட்டம், அரசு வந்து கேட்கறதைத் தடுக்கறது இல்ல.

ஸ்டீபனோட சட்டம் ஒருவழியா ஓய்வு பெற்று, புது சாட்சியச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. அதோட 132ஆவது பிரிவுல வழக்கறிஞர் இருக்கார், மொழிபெயர்ப்பாளர் இருக்கார், குமாஸ்தா இருக்கார். ஆடிட்டர் இப்பவும் இல்ல. அமலுக்கு வந்த தேதி 2024 ஜூலை 1. சி.ஏ. தினம்.