காளையின் பக்கம் நின்றவர்கள்

ஜல்லிக்கட்டை யாராவது எதிர்த்தால் ‘வெளிநாட்டுச் சதி’ என்ற பேச்சு நம் பக்கத்தில் உடனே எழுந்துவிடும். ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 2017 தை மாதம் நடந்த போராட்டத்தில் விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் பெயர் சென்னை மெரினாவில் வசைச்சொல்லாகவே புழங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையின் வரலாற்றைப் படித்துவிட்டு அந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அங்குள்ள மேலமலையையே எடுத்துக்கொள்வோம். விஜயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயிலுக்கு எதிரே பெருமாள் கோயிலாக மாறிய குடைவரைக்கு இன்றும் ‘சமணர் குடகு’ என்றுதான் பெயர். ஆளுருட்டி மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. சித்தன்னவாசலும் இதே வட்டாரம்தான். எறும்புக்கும் தீங்கு நினைக்காத துறவிகள் நடமாடிய பாறைகள் இவை. சோழீச்சுரத்தின் முன்னே நந்தியும் அமர்ந்திருக்கிறது. காளையைக் கும்பிட்ட மரபும் உயிர்க்கு இரங்கிய மரபும் ஒரே மலையில் இருந்திருக்கின்றன.

நம் காலத்துச் சட்டத்துக்கும் தமிழ் மண்ணில் வேர் உண்டு. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல ஆண்டுகள் வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

ஜல்லிக்கட்டு வழக்கு தொடங்கிய விதத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். ராமநாதபுரம் பக்கத்தில் ரேக்ளா என்ற மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன மனு அது. ஜல்லிக்கட்டு பார்க்கப் போன மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவரும் அதில் சேர்ந்துகொண்டார். 2006-இல் நீதிபதி பானுமதி ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் தடை விதித்தார். மறு ஆண்டே டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. 2009-இல் தமிழக அரசு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2011-இல் மத்திய அரசு, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது.

2013 பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் மாடுகளைத் திறந்துவிடும் வாடிவாசல்களில் விலங்கு நல வாரியத்தின் ஆய்வாளர்கள் பார்த்து எழுதிவைத்தவை படிக்க வலிக்கும். வாலை முறுக்குகிறார்கள், கடிக்கிறார்கள். மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுக்கிறார்கள். கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைத் தேய்க்கிறார்கள். வாயில் சாராயம் ஊற்றுகிறார்கள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து ஊட்டி, குளத்தில் நீந்தவிட்டு, பெற்ற பிள்ளையாக வளர்க்கும் புதுக்கோட்டைச் சீமைக்காரருக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். அந்தக் கோபம் மாட்டை வதைத்தவர் மீது வந்திருக்க வேண்டும். எழுதிவைத்தவர் மீதுதான் பாய்ந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரி 21-இல் ஜல்லிக்கட்டை அனுமதித்துத் தமிழக அரசின் அவசரச் சட்டம் வந்தது. மறுநாளே புதுக்கோட்டை மாவட்டத்து ராப்பூசலில் வாடி திறந்தார்கள். அன்று இரண்டு பேர் மாடு முட்டி இறந்தார்கள். வெற்றிக் கொண்டாட்டத்தில் அந்த இரண்டு வீட்டுத் துக்கத்துக்கு யாரும் போதிய இடம் தரவில்லை.

ஸ்பெயினிலும் இதே இழுபறிதான். கட்டலோனியா 2010-இல் காளைச் சண்டையைத் தடை செய்தது. ‘நாட்டின் பண்பாட்டுச் சொத்து’ என்று 2016-இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அங்கே மாடு களத்திலேயே வாளுக்கு இரையாகிறது, இங்கே வீடு திரும்புகிறது. இந்த வேறுபாடு பெரிது. ஆனால் வீடு திரும்பும் மாட்டுக்கும் வலி வலிதான்.

இன்று களத்தில் தென்னைநார்க் கழிவு பரப்பி, இரட்டைத் தடுப்பு கட்டுகிறார்கள். மாடுபிடி வீரர் திமிலை மட்டுமே அணைக்கலாம். கொம்பையோ வாலையோ பிடித்தால் வெளியே போக வேண்டியதுதான். மாட்டையும் வீரரையும் மருத்துவர்கள் சோதித்த பிறகே அனுமதி. ஜல்லிக்கட்டை எதிர்த்து வழக்காடியவர்கள் இல்லாமல் இந்த விதிகள் வந்திருக்க முடியாது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகச் சட்டத்தை ஏற்றதும் இந்த விதிகளைக் காட்டித்தான். அவை கறாராக நடப்பதற்கு மாவட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது.

முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவை ஒட்டி நார்த்தாமலையிலும் மாடு அவிழ்க்கிறார்கள். அன்று வதையைப் பார்த்துப் புகார் சொல்லும் உள்ளூர்க்காரரைத் துரோகி என்று ஏசாமல், விழாக் குழுவே தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.