பாட்டி கைத் தழும்பும் எலிக்கு ஒட்டிய பட்டையும்

இந்த சீசனுக்கு குற்றாலம் போனீங்கன்னா ஒண்ணு கவனிங்க. அருவியில குளிச்சுட்டு வர்ற, ஐம்பது வயசைத் தாண்டினவங்க பலர் கையில காசு அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு இருக்கும். அம்மை குத்தின தழும்பு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

தடுப்பூசின்னதும் தசையில இறங்குற சிரிஞ்சுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தசையில் போடவில்லை. தோலைக் கீறி அங்கேயே வைத்தார்கள். 1899-இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிறுவனம், கன்றுகளிலிருந்து அம்மைப்பால் தயாரித்தது. கீறுவதற்கு, பற்கள் வைத்த சின்னத் தட்டு மாதிரி ஒரு கருவி. தோலில் அழுத்தித் திருகுவார்கள். வலி, புண், பெரிய தழும்பு. ஜனங்க பயந்து ஒளிஞ்சதுல ஆச்சரியமே இல்லை.

1960-களின் கடைசியில் கவட்டை மாதிரி இரண்டு முனை உள்ள ஊசி வந்தது. முனைகளுக்கு நடுவுல ஒரு துளி மருந்து நிற்கும். தோலில் 15 குத்து, அவ்வளவுதான். முன்பு செலவான மருந்தில் கால் பங்கு போதும். கூடவே, வெயிலைத் தாங்கும் உலர்ந்த மருந்தும் இருந்தது. இந்தியாவின் கடைசி பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அசாமில் கண்டறியப்பட்டார்.

இப்ப எலிக்கு வருவோம். 2010-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ளூ தடுப்பு மருந்தை, தோலில் கரைந்துபோகும் நுண்ணூசிகள் கொண்ட பட்டையாகச் செய்தார்கள். சில எலிகளுக்குப் பட்டை. சிலதுக்கு அதே அளவு மருந்து தசையில் ஊசியாக. பிறகு ஃப்ளூ வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது, பட்டை ஒட்டிய எலிகளின் நுரையீரலில் வைரஸ் இன்னும் நல்லா ஒழிஞ்சிருந்தது.

ஏன்? வெளியிலிருந்து வர்ற கிருமியைப் பிடிச்சு, உடம்புக்கு அடையாளம் காட்டுற காவல் செல்கள் தோலில் நிறைய உண்டு, தசையில் குறைவு.

எலியில ஜெயிச்சா மனுஷனிலும் ஜெயிக்கும்னு இல்லை. ஆனா 2024-இல் வெளியான காம்பியா ஆய்வில், தட்டம்மை–ரூபெல்லா பட்டை ஒட்டிய ஒன்பது மாதக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தட்டம்மைப் பாதுகாப்பு கிடைத்தது. ஊசி போட்ட குழந்தைகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

நல்ல மருந்து கண்டுபிடிச்சா வேலை பாதிதான் முடியுது. வலிக்காம, வீணாகாம, ஐஸ் பெட்டி போக முடியாத மலைக்கிராமத்துக்கும் அது போய்ச் சேரணும். பாட்டி கைத் தழும்பு சொல்ற பாடம் அதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.